பானை அருகே நிற்காதவள்

மொரியாமோ காலையில் கண் விழித்ததும் உடனே எழமாட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பாள். அடிவயிற்றில் வலி இருக்கிறதா, இடுப்பை எங்காவது இழுக்கிறதா, துணி ஈரமாக இருக்கிறதா என்று உடம்பு முழுவதையும் மனத்தாலேயே ஒரு முறை தடவிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் காலைத் தரையில் ஊன்றுவாள்.

பக்கத்தில் கணவன் ஜிமோ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். தூங்குகிறவனுடைய முதுகு அப்படி விறைத்துக்கொண்டு இருக்காது. அவள் வாளியை எடுக்கும் சத்தம் கேட்ட பிறகே அவன் தோள் தளரும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வயிற்றில் வந்து தங்கியிருப்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால், கேட்கக் கூடாதவர்கள் காதில் விழும். அபெயோகுட்டா நகரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கெம்டாப் பேட்டையில் அவர்கள் இருந்த முற்றத்தைச் சுற்றி ஆறு குடும்பங்கள். பெண்களை அங்கே தலைப்பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ரிசி பிறந்த நாளிலிருந்து அவள் தாய் ரிசியம்மா. வைதியைப் பெற்றவள் வைதியம்மா. அவர்களுடைய சொந்தப் பெயர் அவர்களுக்கே மறந்திருக்கும். மொரியாமோவுக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருடம் கழிந்தும் முற்றத்துக்கு அவள் இன்னும் 'புதுப்பொண்ணு'தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது காலில் முள்ளாகக் குத்தும்.

இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. முதல் முறை, துணிக்குச் சாயம் போடும் பானையைக் கிளறிக்கொண்டிருந்தபோதே வலி எடுத்தது. இரண்டாவது முறையும் சாயம் போட்ட நாளின் மாலையில்தான். மூன்றாவது முறை தள்ளிப்போனதும் அவள் தாய்சேய் நிலையத்துக்குப் போய், அங்கிருந்த நர்ஸிடம் தன் நீலம் படிந்த நகங்களைக் காட்டிக் கேட்டாள்.

"இதனாலதான் போச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா," என்றாள் நர்ஸ். "இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா அந்த ஆவியைக் குனிஞ்சு நின்னு இழுக்காத. கை உறை இல்லாம எதையும் தொடாத. ஹைட்ரோ தூளைப் படுக்குற ரூம்ல வைக்காத."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மொரியாமோவுக்குத் தன் அறை நினைவுக்கு வந்தது. அவளுடைய கட்டிலுக்கு அடியில் இருந்தவை துணிமணிகள் அல்ல. காஸ்டிக் சோடா, சாயப்பொடி, சாயத்தைத் தண்ணீரில் கரைய வைக்கும் ஹைட்ரோ, மூன்றும் மூன்று தகர டின்களில் இருந்தன.

அவை அங்கே வந்த கதை இது. துணியை முடிந்து சாயம் போடும் தொழிலில் மொரியாமோவும் ரிசியம்மாவும் கூட்டாளிகள். பானைகளும் அடுப்பும் ரிசியம்மாவுடையவை, அவள் வீட்டுப் பின்பக்கம். முடிச்சு வேலையில் மொரியாமோவின் கையை மிஞ்ச இட்டோக்குச் சந்தையிலேயே ஆள் குறைவு. கூட்டு சேர்ந்த அன்றே ரிசியம்மா டின்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இதெல்லாம் உன் வீட்டுல இருக்கட்டும். என் வீட்டுல நாலு வாண்டுங்க. ஒண்ணு தின்னு பாக்கும், ஒண்ணு தண்ணில கலக்கும். உன் வீட்டுலதான் எடுக்க ஆள் இல்லையே, புதுப்பொண்ணே."

ரிசியம்மா சொன்னது முழு நியாயம். காஸ்டிக் கரைத்த தண்ணீரைக் குடிதண்ணீர் என்று எடுத்துக் குடித்த பிள்ளைகள் பக்கத்துத் தெருவிலேயே உண்டு. மொரியாமோ டின்களை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

நிலையத்திலிருந்து வந்த அன்று ஹைட்ரோ டின்னை வெளியே எடுத்தாள். எரிந்து அணைந்த தீக்குச்சி வாடை அடிப்பது அதுதான். பின்பக்கத்து விறகுக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை இருந்தது. அதன்மேல் வைத்து மூடியை அழுத்தினாள். மூடி துருப்பிடித்து ஒரு பக்கம் நெளிந்திருந்தது. பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள். ரிசியம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். கலக்குகிற நாளில் வேண்டியதை அளந்து எடுத்துப் போவது மொரியாமோவின் வேலை என்பதால் டின் எங்கே இருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

பானைப் பக்கம் போகாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு நாள் தலைவலி என்றாள். இன்னொரு நாள் நூல் வாங்கச் சந்தைக்குக் கிளம்பினாள். மற்ற நாட்களில் பனைநாரும் வெள்ளைத் துணியுமாகத் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுற்றி இறுக்கி முடிந்தால், சாயம் ஏறாத இடம் வெள்ளை நிலாவாக விரியும். அப்படி நூற்றுக்கணக்கில் முடிந்துகொண்டே, முற்றத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ரிசியம்மா தன்னைப் பார்ப்பதை நிமிராமலே உணர்ந்தாள்.

"என்ன, ராணியம்மா? ஆவி பட்டா மேனி கருத்துடுமா?" என்று கேட்பாள் ரிசியம்மா, முழங்கை வரை நீலமான கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவள் கை உறை போட்டதே இல்லை.

"முடிச்சு நிறைய பாக்கி இருக்குக்கா."

"முடிச்சு, முடிச்சு! பானை யாரு, உன் மாமியாரா கிளறுவா?"

மொரியாமோ சிரித்து மழுப்புவாள். இருப்புக் கொள்ளாமல் இன்னும் வேகமாக முடிவாள்.

வைதியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "எனக்கென்னமோ, இட்டோக்குல அவ தனியாக் கடை பாக்குறான்னு தோணுது," என்று அவள் குழாயடியில் சொன்னது மொரியாமோ காதுவரை வந்துவிட்டது. ரிசியம்மா காதுக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகு ரிசியம்மா கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலத்தில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது ஒரு கல்யாண வேலை வந்தது. பெண் வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டிய துணி. கருநீலத்தில் வெள்ளை நிலா. வெள்ளிக்கிழமை மணப்பெண்ணின் தாய் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. மொரியாமோ எல்லாவற்றையும் முடிந்து கொடுத்தாள். மழை வெறித்த ஒரு நாள் பார்த்து ரிசியம்மா பானை ஏற்றினாள். மொரியாமோ மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கை உறையோடு கொட்டகைக்கு ஓடிப்போய் ஹைட்ரோவை அளந்து எடுத்து வந்தாள். தூள் ஈரமணல் மாதிரி கட்டிகட்டியாக வந்ததை அவள் கவனித்தாள். கவனித்தும், சீக்கிரம் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்ற அவசரத்தில் கட்டிகளை நசுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

கொதித்த தண்ணீரில் சாயப்பொடி கரைந்தது. காஸ்டிக் விழுந்தது. ஹைட்ரோ விழுந்தது. மூடி வைத்துத் திறந்தால் மேலே செம்பு நிறத்தில் ஏடு படிந்து, அடியில் தண்ணீர் மஞ்சள் பச்சையாகத் தெரிய வேண்டும். ரிசியம்மா கோலால் ஏட்டை விலக்கிப் பார்த்தாள். தண்ணீர் கலங்கலான நீலமாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு ஒரு துணியை மட்டும் முக்கி எடுத்து, காற்றாட விரித்து, ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அடுப்புச் சாம்பலைப் பூசினாற்போல் வெளிறிய நிறம். நிலாவுக்கும் வானத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"புதுப்பொண்ணே! இங்க வா."

மொரியாமோ காற்று வருகிற பக்கமாக வந்து, எட்டியே நின்றாள். வைதியம்மாவும் துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"பானை மறுத்துடுச்சு," என்றாள் ரிசியம்மா. குரலில் கோபம் இல்லை. "எங்கம்மா வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பானை மறுத்தா, மனசுல ஒளிச்சு வச்சிருக்கிறவங்க அதுக்கு முன்னாடி நின்னு சொல்லணும். சொல்லாத வரைக்கும் சாயம் ஏறாது. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் நேத்து வைதியம்மாவத் திட்டினேன், அது மூஞ்சிக்கு நேராத் திட்டினது."

"ஆமா, நல்லாத்தான் திட்டினே," என்றாள் வைதியம்மா.

"அப்ப நீதான் சொல்லணும், மொரியாமோ."

பெயர் சொல்லி ரிசியம்மா அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஐந்து வேளைத் தொழுகை தவறாத ரிசியம்மா, பானை விஷயத்தில் மட்டும் தாய் வீட்டுப் பழக்கத்தை விட்டதில்லை. சிரித்துத் தட்டிக்கழிக்கக் கூடிய பேச்சு இல்லை இது.

மொரியாமோவுக்குக் காரணம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. பானை யார் மனத்தையும் பார்க்கவில்லை. கட்டிகட்டியாக வந்த ஹைட்ரோ செத்துப்போயிருந்தது. மழைச்சாரல் நெளிந்த மூடி வழியாக இறங்கியிருக்கும். அதைச் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், டின்னை ஏன் வெளியே வைத்தாய் என்பார்கள். நாற்றம் என்றால், இத்தனை வருடம் அடிக்காத நாற்றமா என்பார்கள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்தது தானாக அவிழும். கடைசி முடிச்சுக்குள் இருப்பதை வைதியம்மா முன்னால், பட்டப்பகலில், பானை அருகில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு முறை அவள் சொன்னாள். முதல் முறை தாயிடம், இரண்டாம் முறை நாத்தனாரிடம். இரண்டும் போயின. சொன்னதால் போனதா, சாயத்தால் போனதா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் இரண்டுக்கும் பயந்தாள்.

"ஹைட்ரோ கெட்டுப்போச்சுக்கா," என்றாள் மெதுவாக. "என் தப்புதான். கொட்டகையில வச்சேன். நனைஞ்சிருக்கு."

ரிசியம்மாவின் முகம் மாறியது. "நனைஞ்சிருக்கா? இப்ப எங்க இருக்கு டின்னு?"

அந்தக் கேள்வியிலேயே மொரியாமோவுக்கு நினைவு வந்தது. நனைந்த ஹைட்ரோ கெடுவதோடு நிற்காது. உள்ளுக்குள் சூடேறி, புகைந்து, தானாகவே பற்றிக்கொள்ளும். அவள் கொட்டகைக்கு ஓடினாள். பலகைமேல் இருந்த டின்னைத் தொட்டாள். கை உறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. மூடியின் நெளிவு வழியாக மெல்லிய வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. கீழே மழைக்காலத்துக்குச் சேர்த்த விறகு முழுவதும் கிடந்தது. கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வைதியம்மாவின் பிள்ளைகள் படுக்கிற அறை.

பதற்றத்தில் மூக்குத்துணி நழுவியிருந்தது. அந்தப் புகை தொண்டையில் ஊசியாக இறங்கியது. ஒரே ஒரு மூச்சு. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். போச்சு, என்றது மனம். இதற்காகத்தானே இத்தனை நாள் ஓடினேன்.

"புகையுது! தண்ணி! தண்ணி கொண்டாங்க!" வைதியம்மா துணி துவைத்த தண்ணீர் வாளியோடு ஓடிவந்தாள்.

"ஊத்தாதீங்க!" மொரியாமோ குறுக்கே பாய்ந்து வாளியின் காதைப் பிடித்தாள். "தண்ணி பட்டா இன்னும் எரியும்! ஊத்தாதீங்க!"

"எரியுறதுக்குத் தண்ணி ஊத்தாம என்னடி ஊத்துவாங்க, எண்ணெயா?"

"அவ சொல்றதுதான் சரி, வாளியைக் கீழ வை," என்று கத்திக்கொண்டே ரிசியம்மா வந்தாள். முகத்தில் துணியைச் சுற்றியிருந்தாள். பானை கிளறும் நீளக் கோலை டின்னின் கைப்பிடிக்குள் நுழைத்து, உடம்பிலிருந்து எட்ட நீட்டிப் பிடித்தபடி தூக்கினாள். மொரியாமோ பிள்ளைகளை விரட்டிக்கொண்டு முன்னால் போனாள். குப்பைமேட்டுக்கு அப்பால், புல் இல்லாத காய்ந்த பாறைமேல் டின்னை வைத்துவிட்டு இருவரும் காற்று வருகிற பக்கமாக விலகி நின்றார்கள். டின் கொஞ்ச நேரம் சீறியது. மூடி தெறித்தது. மஞ்சள் புகை எழும்பி ஊரின் பெரும்பாறையான ஒலுமோ இருக்கும் திசையில் போய்க் கரைந்தது. பிறகு அடங்கியது.

ரிசியம்மா முகத்துணியை அவிழ்த்தாள். "உன் ரூம்ல பத்திரமா இருந்ததைக் கொட்டகையில ஏன் வச்சே?"

வைதியம்மா வேலி ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

மொரியாமோ வாயைத் திறந்தாள். தொண்டை இன்னும் எரிந்தது. அந்த ஒரு மூச்சு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நினைப்பே ஓடியது. பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"கொஞ்ச மாசத்துக்கு என்னால பானை கிட்ட நிக்க முடியாதுக்கா," என்றாள். "அந்த டின்னு இருக்குற ரூம்ல படுக்கவும் முடியாது. ஏன்னு கேக்காதீங்க. தனியாக் கடை போடல. உங்க தலைமேல சத்தியம்."

ரிசியம்மா அவளையே பார்த்தாள். கண் ஒரே ஒரு முறை கீழே இறங்கி, மொரியாமோ தளர்த்திக் கட்டியிருந்த இடுப்புத் துணியின் முடிச்சில் நின்று, மறுபடி மேலே வந்தது. நாலு பெற்றவளுக்கு அது போதும். வாழ்த்தவில்லை. அல்லாஹ்வின் பெயரைக்கூட உதட்டுக்குள்தான் சொன்னாள். கை மட்டும் நீண்டு வந்து, காற்றில் அவிழ இருந்த மொரியாமோவின் மூக்குத்துணியை இழுத்துக் கட்டியது.

அடுத்த நொடி வேலி அதிரும்படி ஒரு கத்தல்.

"சோம்பேறி! அதான பாத்தேன்! இவ வாசல்ல உக்காந்து மினுக்கிக்கிட்டு இருக்கணும், பானை கிளற நான் ஒருத்தி மாடு மாதிரி இருக்கணும்! வைதியம்மா, கேட்டியா? இவளுக்கு ஆவி பட்டா மூக்குல சளி புடிக்குதாம்!"

"காலம் கெட்டுப்போச்சு," என்றாள் வைதியம்மா. எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றத்தோடு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜிமோ தன் வண்டியில் இட்டோக்குச் சந்தைக்குப் போய்ப் புது ஹைட்ரோவோடு திரும்பினான். முடிச்சுகள் அவிழாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ரிசியம்மா வெளிறிய ஒன்றையும் மறுபடி முடிந்து எல்லாவற்றையும் புதுப் பானையில் முக்கினாள். அன்று முதல் முறையாக அவள் கையில் உறை இருந்தது. மொரியாமோ முற்றத்தின் எதிர்மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோலில் தொங்கி வந்த துணி பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் பரவியது. வேறு நாளாக இருந்தால் அந்த நிறம் ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்த்திருப்பாள். இன்று கண் அங்கே இருந்தது, கவனம் முழுவதும் வயிற்றில் இருந்தது. இழுக்கிறதா? இல்லை. இப்போது? இல்லை.

மறுநாள் காலை வழக்கத்தைவிட நேரமெடுத்து அசையாமல் கிடந்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை துணி போனது. அதற்கு மறுநாளும் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ரிசியம்மா வீட்டில் தச்சன் வந்து சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மரப்பெட்டியை அடித்தான். பூட்டு போட்டான். பிறகு ரிசியம்மா முற்றத்தைக் கடந்து வந்து, கேட்காமலே மொரியாமோவின் கட்டிலுக்கு அடியில் குனிந்து, மிச்சமிருந்த இரண்டு டின்களையும் இழுத்தாள்.

"ஏ ரிசியம்மா, உனக்குப் பைத்தியமா?" என்றாள் வைதியம்மா. "நாலு வாண்டுங்க இருக்குற வீட்டுல கொண்டு போய் விஷத்தை வைக்கிறியே?"

"என் வீடு, என் பூட்டு. சாவி என் இடுப்புல. இந்தச் சோம்பேறியை நம்பி இனிமே ஒரு டின்னும் விடமாட்டேன். இன்னொரு தடவை எரிச்சா உன் வீடுதான் முதல்ல போகும், பரவாயில்லையா?"

வைதியம்மா தன் வீட்டுச் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டின்கள் போன பிறகு மொரியாமோ கட்டிலுக்கு அடியில் பெருக்கினாள். துருவட்டம் போகும்வரை ஈரத்துணியால் தேய்த்தாள். காலியான அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

நான்காம் மாதம் வந்தது. அந்த மாதம் முழுவதும் அவள் கஞ்சியைக்கூடப் பயந்து பயந்தே குடித்தாள். வாசலில் உட்கார்ந்து முடிச்சுப் போடும்போது, வெயில் கொஞ்சம் உறைத்தாலும் எழுந்து உள்ளே போனாள். அந்த மாதமும் போனது. பயம் போகவில்லை. அது அடுத்த மாதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ரிசியம்மா அவளைப் புதுப்பொண்ணு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் விடிந்ததும், பல்லில் குச்சியோடு முற்றத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"ஏ சோம்பேறி! சூரியன் வந்தாச்சு. இன்னும் படுக்கையா?"

மொரியாமோ கட்டிலில் அசையாமல் கிடந்து, உடம்பைக் கேட்டு முடித்துவிட்டு, "எந்திரிச்சிட்டேன்கா!" என்பாள்.

அந்தப் பதில் வரும்வரை எதிர்ப்பக்கத்தில் பானை மூடி திறக்கும் சத்தம் கேட்காது.